சவரிராயன் விட்டுவைக்கும் இடம்

எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் சவரிராயனோடு வேலை பார்த்த முதல் வாரத்திலேயே, இந்த ஆளோடு என்னால் ஒரு மாதம்கூடத் தள்ள முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் வேலை வண்டியின் பின்பக்கம், நோயாளியோடு. அவர் வேலை முன்பக்கம், ஸ்டியரிங்கோடு. எனக்கு எப்போதும் அவசரம், அவருக்கு எப்போதும் நிதானம். சைரன் அலறிக்கொண்டிருக்கும்போதே முன்னால் போகிற லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு லாரியை நிறுத்துகிற அளவுக்கு இடம் விட்டு வருவார். அந்த இடத்தில் எவனாவது பைக்கைக் கொண்டுவந்து செருகுவான். இவர் அவனுக்கும் சேர்த்து மறுபடி பின்வாங்குவார். திண்டிவனத்தில் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் சப்பரம். மாதா கோயில் திருவிழாச் சப்பரம் போல அசைந்து அசைந்து வருகிறாராம். "சப்பரம் கெளம்பிடுச்சுடா, வழி வுடுங்க" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வானூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஆம்புலன்ஸுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். "ரேஷன் கடை வரிசைல கூட இடம் வுட்டுத்தாம்மா நிப்பாரு. நடுவுல நாலு பேரு பூந்துடுவாங்க. நாங்க வூடு வந்து சேரச் சாயங்காலம் ஆயிடும்" என்று அவர் மனைவி ரோஸ்லின் என்னிடம் ஒருமுறை புலம்பினார். நான் வரிசையில் நின்றிருந்தால் புகுந்த நாலு பேரையும் வெளியே தள்ளியிருப்பேன்.

ஓட்டும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாக "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று முணுமுணுப்பது கேட்கும். பக்தியான மனிதர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது சிரித்துவிட்டார்.

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல கலையரசி. அது கணக்கு. முன்னாடி போற வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும் பாரு, அப்ப ஆரம்பிப்பேன். 'கர்த்தர் உம்முடனே'ன்னு நிதானமா முடிக்கிறதுக்கு முன்ன நான் அந்தக் கல்லுக்கு வரக்கூடாது. வந்துட்டேன்னா ரொம்ப ஒட்டிப் போறேன்னு அர்த்தம். மழைன்னா பாதி ஜெபம் வரைக்கும் போவணும்."

"பின்னாடி எவனாவது ஒட்டிக்கினு வந்தா?"

"முழு ஜெபம். பின்னாடி வர்றவன் இடம் வுடல இல்ல, அவனுக்கும் சேத்து முன்னாடி நான்தான் வுடணும். அப்பதான் நான் திடீர்னு பிரேக்க மிதிக்க வேண்டியதில்ல. நான் மெதுவா நின்னா அவனும் மெதுவா நிப்பான்."

பின்னால் ஒட்டி வருகிறவர்கள் ஆம்புலன்ஸுக்கு எப்போதும் உண்டு. இரண்டு வகை. வழி கிடைக்கிறதே என்று சைரனைப் பிடித்துக்கொண்டு வருகிற ஓசிப் பயணிகள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நான் வாயைத் திறந்தால் அச்சில் போட முடியாது. இன்னொரு வகை, நோயாளியின் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றினால் வீட்டு ஆண்கள் பின்னாலேயே வந்தாக வேண்டும். கண்ணில் இருந்து வண்டியை விட்டுவிட்டால் அது பெரிய குற்றம். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கருமாதி வரைக்கும் "நீ கூடப் போகலியா?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அதனால் பைக்கோ காரோ, பின்கதவை முட்டுகிற தூரத்தில் வருவார்கள். அவர்கள் ரோட்டைப் பார்ப்பதில்லை, எங்கள் கதவைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்காகவே சவரிராயன் கிளம்புவதற்கு முன் அரை நிமிஷம் எடுத்துக்கொள்வார். நோயாளியை ஏற்றி, கதவைச் சாத்தி, நான் "போலாம்ணா" என்று கத்திய பிறகும் கீழே நின்று சொந்தக்காரர்களிடம் பேசுவார். "எங்க போறோம்னு கேட்டுக்குங்க. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி, எமர்ஜென்சி வாசல். நான் எங்கயும் ஓடிப் போவ மாட்டேன். என் பின்னாடி வராதீங்க. பத்து நிமிஷம் கழிச்சு வாங்க." எல்லோரும் "சரிங்க, சரிங்க" என்பார்கள். வண்டி மெயின் ரோட்டைப் பிடிக்கும்போது பின்னால் நிற்பார்கள். அந்த அரை நிமிஷத்துக்காக நான் அவரோடு போட்ட சண்டைகளுக்கு அளவில்லை.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஓரளவு தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. திருவக்கரைப் பக்கத்திலிருந்து இருதயராஜ் என்ற மனிதரை நெஞ்சுவலியோடு ஏற்றிக்கொண்டு போனார். மகன் அந்தோணி பிரபு பைக்கில் பின்னால் வந்தான். இருபத்திரண்டு வயது. ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது, சவரிராயன் மிதித்தார், பையன் பின்கதவில் மோதினான். அப்பா பிழைத்தார், பிள்ளை போய்விட்டான். ஆறு மாதம் கழித்து சவரிராயன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். இருதயராஜ் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கோபமே இல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "என்னை ஏம்பா காப்பாத்தின?"

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் சண்டை போட்டேன் என்றால், என் புத்தி அவ்வளவுதான்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். மேல்சித்தாமூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் வீரசேனன், ஐம்பத்தாறு வயது. லாரியில் மூட்டை அடுக்கும்போது மேலேயிருந்து தலைகுப்புற விழுந்திருக்கிறார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் படுக்க வைத்து, அசையாமல் கட்டியிருந்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கழுத்தெலும்பு நகர்ந்திருக்கும்மா. கை, கால் இப்ப அசையுது. இந்த அசைவோட கொண்டு போய்ச் சேர்க்கணும். ஒரு குலுக்கல் போதும், கழுத்துக்குக் கீழ எல்லாம் போயிடும். மூச்சும் சேர்ந்து போனாலும் போகும். ஆனா லேட்டும் பண்ணக்கூடாது, வீக்கம் ஏறிக்கினே இருக்கு."

குலுக்கவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. முப்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை.

அவர் மனைவி சந்திரவதி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். மகன் சுதீஷுக்கு இருபத்தேழு வயது இருக்கும். சட்டையெல்லாம் மண். அப்பாவைத் தூக்கியவன் அவன்தான். சவரிராயன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தித் தன் அரை நிமிஷப் பேச்சைப் பேசினார். அன்றைக்குக் கொஞ்சம் கூடவே பேசினார். "தம்பி, ஒட்டி வராத. நான் பிரேக் போட்டாலே உங்கப்பாவுக்கு ஆவாது. புரியுதா?" அவன் "புரியுதுங்க" என்றான். கண் மட்டும் பின்கதவிலேயே இருந்தது.

ஜக்காம்பேட்டை தாண்டுவதற்குள் வெள்ளைக் கார் வந்துவிட்டது.

எங்கள் பின்கதவின் கண்ணாடியில் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தெளிவான கண்ணாடி. நான் வீரசேனனின் கால்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை "ஐயா, கால் விரல அசைங்க" என்று சொல்லிப் பார்ப்பதுதான் என் வேலை. அசைத்தார். நிமிர்ந்தால் அந்த நாலு விரல் சந்தில் காரின் மூக்கு. குனிந்து பார்த்தால் ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி சுதீஷ். எங்கள் வண்டியின் பின்படிக்கும் அவன் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க முடியாது. வேகம் எழுபது.

"அண்ணா, பையன் ஒட்டி வர்றான்!"

"பார்த்துக்கினுதான் இருக்கேன்."

முன்னால் அவர் ஜெபம் நீண்டது. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" வரைக்கும் போவது காதில் விழுந்தது. முழு ஜெபம். சந்திரவதியிடம், பையனுக்குப் போன் போட்டுத் தள்ளி வரச் சொல்லுங்கள் என்றேன். "அவன் போன் எங்கிட்ட இருக்கும்மா. ஆஸ்பத்திரிலருந்து கூப்பிடுவாங்கன்னு என் கையில குடுத்துட்டான்" என்று அந்த அம்மா போனைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

வேறு வழி இல்லாமல் கையைக் காட்டினேன். ஒரு கை வீரசேனனின் காலைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை அந்தக் கண்ணாடிச் சந்துக்கு நேரே வைத்து, போ, தள்ளிப் போ என்று விரல்களை வீசினேன். கார் ஒரு கணம் பின்தங்கியது போல இருந்தது. பிறகு இன்னும் நெருங்கி வந்தது. நான் இன்னும் வேகமாக வீசினேன். ஹார்ன் அடித்துக்கொண்டு இன்னும் நெருங்கினான். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று வாய்விட்டே திட்டினேன். படுத்திருந்தவர் காதில் விழுந்திருக்கும்.

கூட்டேரிப்பட்டில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்ததால் பக்கத்துச் சாலையில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று சந்திலிருந்து சைரனையும் மதிக்காமல் மூக்கை நீட்டியது. சவரிராயன் விட்டுவைத்திருந்த இடம் அவ்வளவும் அன்றைக்குத்தான் செலவானது. அவர் மிதிக்கவில்லை. அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். வண்டி இழுத்து இழுத்து நின்றது. பின்னால் டயர் கிறீச்சிடும் சத்தம். நான் வீரசேனனின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கார் மோதவில்லை. கண்ணைத் திறந்தபோது கார் எங்கள் படிக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

டிப்பர் விலகியது. வண்டி நகர்ந்தது. நான் "விரல அசைங்கய்யா" என்றேன். வலது கால் விரல் அசைந்தது.

"இடது கால்?"

"அசைக்கிறேம்மா" என்றார் வீரசேனன். அது அசையவில்லை.

"ஐயா, இடது கால்."

"அசைச்சுக்கினுதான் இருக்கேன்..." என்றவர், என் மௌனத்தைக் கேட்டுவிட்டு, "மரத்தாப்புல இருக்கு பாப்பா" என்றார். கூரையைப் பார்த்தபடி அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்கு வழிந்தது. துடைக்க அவரால் முடியாது. நான் துடைத்துவிட்டேன்.

ஜன்னலில் வாயை வைத்துக் கத்தினேன். "அண்ணா, இடது கால் போய்க்கினே இருக்கு. ஜல்தி போங்க!"

ஆனால் வேகம் குறைந்தது. எழுபது அறுபதானது, ஐம்பதானது. சைரன் நின்றது. இடதுபக்க விளக்கு விட்டுவிட்டு எரிவது தெரிந்தது. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வண்டியை ஓரம் கட்டுகிறார்.

"இன்னாண்ணா பண்றீங்க? நிறுத்தாதீங்க! ஒவ்வொரு நிமிஷமும் கணக்குண்ணா!"

"தெரியும்."

"தெரிஞ்சா போங்க!"

"இன்னும் விக்கிரவாண்டி டோல் இருக்கு, கரும்பு வண்டிங்க இருக்கு. இன்னொரு தடவ இதே மாதிரி நிக்க வேண்டி வந்தா, அவன் நிப்பான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா? எனக்குத் தெரியாது."

வண்டி நின்றதே தெரியாத மாதிரி நின்றது. நான் வாட்சைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அப்படி வெறுத்ததில்லை. இந்த ஆள் தன்னுடைய பழைய பயத்துக்கு என் நோயாளியைப் பலி கொடுக்கிறான் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பின்கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தேன். சுதீஷ் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"போயிட்டாராக்கா?"

ஆம்புலன்ஸ் சைரனை நிறுத்தி ஓரம் கட்டினால் வேறு என்ன நினைப்பான்?

"உசுரோட இருக்காரு. உன்னாலதான் போவாரு! எத்தினி தடவ தள்ளிப் போ, தள்ளிப் போன்னு கைய வீசினேன், கண்ணு தெரியல?"

அவன் என்னையே பார்த்தான். "தள்ளிப் போன்னா சொன்னீங்க? கூப்பிடறீங்கன்னு நெனச்சேங்க்கா. கை மட்டுந்தான் தெரிஞ்சுது. வா வான்னு கூப்பிடற மாதிரியே இருந்துச்சு. அப்பா கடைசியா என்னைத் தேடறாருன்னு... அதான் ஒட்டி வந்தேன். நீங்க கூப்பிடக் கூப்பிட வந்துக்கினே இருந்தேன்."

என் கையை நானே பார்த்தேன். உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை வீசினால், நம் ஊரில் அதுதான் வா என்பது. முகம் தெரிந்திருந்தால் என் கோபத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான். முகத்தை ஸ்டிக்கர் மறைத்துவிட்டது. அவனை அவ்வளவு நெருக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அவன் ஒட்டி வந்ததால்தான் வண்டி இழுத்து இழுத்து நின்றது, அந்த இடது காலை மரக்க வைத்தவளும் நான்தான்.

சவரிராயன் இறங்கி வந்திருந்தார். சுதீஷின் காரைப் பூட்டி, சாவியை அவன் சட்டைப் பையில் போட்டார். "கார் இங்கயே கெடக்கட்டும். நீ ஏறு. அப்பா பக்கத்துல உக்காரு. தொடாத. பேசிக்கினு மட்டும் வா" என்றார். கதவு சாத்தப்பட்டது. வாட்சில் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டம் நான் அதுவரை பார்க்காதது. பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்ததும் சப்பரம் தொண்ணூறில் போனது. ஆனால் முன்னால் விடுகிற இடம் மட்டும் குறையவில்லை. டோலில் எங்களுக்கான வழி திறந்திருந்தது. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் கரும்பு ட்ராக்டர்கள் வரிசையாக நின்றன. பின்பக்கம் கரும்பு தொங்கி விளக்கையே மறைத்திருந்தது, எது நிற்கிறது எது நகர்கிறது என்று தெரியவில்லை. ஒன்று திடீரென்று வலதுபுறம் ஒடித்தது. நான் பலகையை இறுகப் பிடித்தேன். தேவையிருக்கவில்லை. அவர் எப்போதோ காலை எடுத்துவிட்டிருந்தார், வண்டி தானாகத் தணிந்தது.

சுதீஷ் பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் எத்தனை மூட்டை ஏற்றினோம், எத்தனை மிச்சம், லாரிக்காரன் பெயர் என்ன என்று உளறினான். கை இரண்டையும் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று. நான் விரலை அசைக்கச் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

எமர்ஜென்சி வாசலில் பலகையோடு இறக்கினோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இடது காலையும் சொன்னேன். அவர் ஒரு ஊசியை எடுத்து வலது பாதத்தில் குத்தினார். வீரசேனன் "ஸ்" என்றார். இடது பாதத்தில் குத்தினார். சத்தமில்லை. மறுபடி குத்தினார். கட்டைவிரல் லேசாக, மிக லேசாக, உள்ளே மடங்கியது. "இருக்கு. இன்னும் போகல. நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கேனுக்கு ஆள் கூப்பிடப் போனார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சவரிராயன் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னுது. நான் கைய வீசினதாலதான்..."

"தெரியும். நீ வீசறப்பலாம் அவன் கிட்ட வந்தான். நடு ஜன்னல் வழியா உன் கையும் தெரிஞ்சுது, பக்கத்துக் கண்ணாடில அவன் காரையும் பார்த்துக்கினுதான் வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? வீசுறத நிறுத்துவ. அவன் அப்பவும் ஒட்டித்தான் வருவான், கூப்பிட்ட கை காணாமப் போயிட்டா இன்னும் பயந்துக்கினு வருவான். அவன ஏத்திக்கிறதத் தவிர வேற வழி இல்ல கலையரசி. அன்னிக்கு அந்தோணி பிரபுவையும் ஏத்தியிருக்கணும். எனக்கு அப்ப தோணல." நான் அவரோடு போட்ட எல்லாச் சண்டைக்கும் அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வந்தது. வீரசேனன் கூரையைப் பார்த்தபடியே, "புள்ள எங்க? கார ஓட்டிக்கினு வந்தானே, பத்திரமா வந்துட்டானா?" என்று கேட்டார். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டைக் கணக்குப் பேசியவன் தன் மகன் என்பதுகூட வலியில் அவருக்குப் பதிந்திருக்கவில்லை.

"இங்கதான்பா இருக்கேன்" என்று சுதீஷ் குனிந்தான். கையை நீட்டியவன், தொடலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டுவதற்குள் பலகையின் மேல் கட்டுக்கு வெளியே கிடந்த வீரசேனனின் கை மெதுவாகத் திரும்பி, ஒவ்வொரு விரலாக, மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இடது கை அது, மரத்துப்போன காலின் பக்கம்.

சந்திரவதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சவரிராயனைத் தேடினேன். அவர் வாசலுக்கு வெளியே போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.